தச்சனைத் தலைவனாக்கிய துறவி

நுழையும்முன்

பணிவைப் போற்றாத சமயம் இல்லை. எனினும், பணிவு சொல்லளவில் நிற்கும் அறமா, நாள்தோறும் செய்யும் தொழிலில் புலப்படும் வாழ்க்கைமுறையா என்னும் வினா எக்காலத்திலும் எழுகிறது. இத்தாலியில் பிறந்து, கோவில்பட்டிக் கரிசல் மண்ணில் தம் தமிழ்வாழ்வின் தொடக்க ஆண்டுகளைக் கழித்து, இறுதிவரை தாயகம் திரும்பாமலே மறைந்த ஒருவரின் வாழ்வையும் நூல்களையும் அவ்வினாவோடு அணுகுகிறது இப்பாடம்.

கரிசலில் ஒரு சிற்றூர்

கோவில்பட்டியைச் சூழ்ந்த நிலம் கரிசல் நிலம். கோடையில் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும் அம்மண், ஐப்பசி மழை விழுந்ததும் வைத்த காலை விடாத சேறாகிவிடும். வற்றாத ஆற்றின் பாய்ச்சல் இல்லாத மானாவாரிப் பகுதி ஆதலால், உழவரின் பார்வை எப்பொழுதும் வானத்தின் மீதே இருக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் அங்கு விளைபவை. மழை தவறிய ஆண்டில் விதைத்த விதையும் மண்ணிலேயே போகும். நாளைய சோறு உறுதியில்லாத நிலத்தில் வாழ்வோர்க்கு நம்பிக்கை என்பது தத்துவப் பொருள் அன்று. அடுத்த விதைப்புக்கு அவர்களை எழுப்பி நிறுத்தும் அன்றாடத் தேவை.

இக்கரிசலின் நடுவே, கோவில்பட்டி வட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா ஆலயத்தால் இன்று அவ்வூர் அறியப்படுகிறது. ஆகஸ்டு 15ஆம் நாள் நடைபெறும் விண்ணேற்புப் பெருவிழாவிற்குச் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர். இருப்புப்பாதை அமைந்து கோவில்பட்டி வணிக நகராக வளர்வதற்கு நெடுங்காலம் முன்னரே காமநாயக்கன்பட்டி மதுரை மிஷன் என்னும் கத்தோலிக்கப் பணித்தளத்தின் முதன்மையான ஊர்களுள் ஒன்றாக விளங்கியது. நாயக்கர் ஆட்சியின் இறுதிக் காலம் அது. பாளையங்கள் ஒன்றோடொன்று பொருதுகொண்டிருந்தன. அருளானந்தர் எனத் தமிழ்ப்பெயர் பூண்ட ஜான் தெ பிரிட்டோ 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்டு இருபது ஆண்டுகள்கூட நிறைவு பெறவில்லை. அத்தகைய சூழலில், 1711ஆம் ஆண்டு மதுரை மிஷனில் பணியேற்க வந்து, காமநாயக்கன்பட்டியில் தொடக்கப் பணியாற்றினார் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. அவரையே நாம் வீரமாமுனிவர் என்று அறிவோம்.

பெஸ்கி 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியின் மாந்துவாப் பகுதியிலுள்ள காஸ்திகிலியோனே என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தமிழ்க் கிறித்தவர் ஞானப்பிரகாசியார் என்று வழங்கும் அலோசியஸ் கொன்சாகா பிறந்த ஊரும் அதுவே. சிற்றரசுரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துத் துறவு பூண்ட அவர், 1591இல் உரோமை நகரில் கொள்ளைநோயாளிகளுக்குத் தொண்டு செய்கையில் அந்நோய் தொற்றி இளவயதில் இறந்தார். அரியணையைவிட நோயாளியின் படுக்கையருகே பெரிது எனக் கருதிய ஒருவரின் நினைவு நிறைந்த ஊரில் வளர்ந்த சிறுவன், 1698இல் அதே இயேசு சபையில் சேர்ந்ததில் வியப்பில்லை. இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகளையும் மெய்யியலையும் இறையியலையும் கற்றுத் தேர்ந்து, 1710இல் கோவா வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது.

வேடமா, வாழ்வா?

தமிழகம் வந்த பெஸ்கி ஐரோப்பியக் குருவின் உடையைக் களைந்து காவி உடுத்தினார், புலால் நீத்தார், தம் பெயரைத் தைரியநாதர் என மாற்றிக்கொண்டார். வீரமாமுனிவர் என்னும் பெயர் பின்னர் வழங்கியது. இம்மாற்றத்தைப் பாராட்டிவிட்டு மேலே செல்வது எளிது. ஆயினும், அக்காலத்திலேயே இதன்மீது கடுமையான ஐயம் எழுந்தது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். அயல்நாட்டார் இந்நாட்டுத் துறவியின் கோலம் பூணுவது உண்மையான வாழ்வா, ஆளைக் கவரும் வேடமா?

இவ்வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர், 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி. அவரைக் குற்றஞ்சாட்டியவர்களுள் அவருடைய சபையினரும் இருந்தனர். வழக்கு உரோமை வரை சென்றது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவ்வழக்கங்களுக்கு இசைவளித்தார். எனினும் பூசல் அத்துடன் ஓயவில்லை. புதுச்சேரி வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் அவ்வழக்கங்களுள் பலவற்றைத் தடைசெய்து ஆணையிட்டார். 1744இல் அத்தடை மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. இவ்விரு ஆண்டுகளையும் வீரமாமுனிவரின் தமிழக வாழ்வோடு பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தம் சமய மேலிடத்தின் ஐயத்திற்கு ஆளான ஒரு வாழ்க்கைமுறையையே அவர் தம் பணிக்காலம் முழுவதும் மேற்கொண்டிருந்தார்.

வேறொரு குறையையும் மறைத்தல் தகாது. நொபிலியின் வழியில் வந்த துறவியர் உயர்ந்தோர் எனப்பட்டவரிடையே மட்டும் பழக இயன்றது. ஏனையோரை அணுகுவதற்கெனப் பண்டாரச்சாமி என்னும் கோலத்தை 1640இல் பல்தசார் தெ கோஸ்தா மேற்கொண்டார். அதுவே பின்னர் வந்தோரால் பின்பற்றப்பட்டது. அஃதாவது, சாதி வேலியைத் தகர்ப்பதற்கு மாறாக அவ்வேலியில் ஒரு வாயிலை அமைத்துக்கொண்டே மதுரை மிஷன் இயங்கியது. அனைவரும் ஒரே தந்தையின் மக்கள் என்னும் நம்பிக்கைக்கு இது முரணானது என்று நாம் இன்று கூறுவோம், கூறவும் வேண்டும்.

அங்ஙனமாயின், கோலத்தின் உண்மையை எவ்வாறு அறிவது? வேடம் பயன் முடிந்தவுடன் கழற்றப்படுவது. வீரமாமுனிவர் அதனைக் கழற்றவே இல்லை. 1714–15ஆம் ஆண்டுகளில் எதிர்ப்பாளரிடம் சிக்கி மரண தண்டனையினின்று அரிதில் தப்பினார். அருளானந்தருக்கு நேர்ந்தது தமக்கும் நேரும் என்பதை அறிய அவருக்கு வேறு சான்று வேண்டியதில்லை. கப்பலேறித் தாயகம் திரும்பியிருக்கலாம். கடற்கரையில் ஐரோப்பியர் கோட்டைகளுக்குள் பாதுகாப்பாகப் பணியாற்றியிருக்கலாம். அவரோ உள்நாட்டிலேயே தங்கி, முன்னினும் ஆழமாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். உயிருக்கு அச்சம் நேர்ந்தபோது ஒருவர் இலக்கணச் சுவடியைக் கையில் எடுத்தார் என்பது நம் இலக்கிய வரலாற்றில் எண்ணி எண்ணி வியத்தற்குரிய செய்தியாகும்.

ஆசிரியர் மாணவரானார்

முப்பது வயதைக் கடந்த அறிஞர் ஒருவர் அயல்மொழியின் அரிச்சுவடியைக் கையிலெடுப்பது எளிதான செயல் அன்று. இறையியலை விளக்கக்கூடிய நாவு, தண்ணீர் கேட்பதற்கும் தடுமாறும். லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஒலிக்கத் தெரியாமல் ஊர்ச் சிறுவர்முன் நாணி நிற்க நேரும். மொழி கற்போர் அனைவரும் இதனை அறிவர். கல்வியால் பெற்ற பெருமிதத்தைக் கழற்றி வைத்தாலொழியப் பிறமொழி நாவில் ஏறாது. பணிவு என்னும் கிறித்தவ அறம் வீரமாமுனிவரிடம் முதன்முதலாகச் செயலுருப் பெற்ற இடம் வழிபாட்டு மேடை அன்று. பாடம் கேட்கும் திண்ணை என்றே கொள்ளலாம். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்ரதீபக் கவிராயர் எனத் தமிழுலகம் வழிவழியாகக் கூறிவருகிறது.

அவர் கற்ற தமிழ் இருவகைப்பட்டது. ஒன்று சான்றோர் செய்யுளில் வழங்கிய செந்தமிழ். மற்றொன்று வயலிலும் சந்தையிலும் வீட்டிலும் மக்கள் பேசிய தமிழ். புலவர்கள் பின்னதை ஒரு பொருட்டாக மதியாத காலம் அது. வீரமாமுனிவரோ அதற்கெனவே தனியாக ஓர் இலக்கணம் வகுத்தார். இலத்தீனில் எழுதப்பட்ட அந்நூலின் பெயர் கொடுந்தமிழ் இலக்கணம். மக்கள் வாய்மொழியிலும் ஒழுங்கு உண்டு, அவ்வொழுங்கைக் கற்றே அவர்களிடம் பேசவேண்டும் என்பது அந்நூலின் உட்பொருள். ஏழை உழவன் பேசும் மொழிக்கு இலக்கணம் உண்டு என ஒப்புக்கொள்வது அவ்வுழவனை மதிப்பதன் முதற்படி அல்லவா?

இங்கு ஒரு செய்தியை இடையே கூறத் தோன்றுகிறது. காமநாயக்கன்பட்டியைப் போலவே கோவில்பட்டியை அடுத்துள்ள இடைசெவலில் 1923இல் பிறந்தவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். கரிசல் மக்களின் பேச்சுவழக்குச் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை உருவாக்கியவர் அவர். இருவர்தம் நோக்கமும் வேறு, காலமும் வேறு. எனினும், எளிய மக்களின் வாய்ச்சொல் ஏட்டில் ஏறத்தக்கது என்னும் எண்ணத்தில் அவ்விருவரும் ஒத்திருந்தனர்; கரிசல் மண்ணும் அவ்விருவருக்கும் பொதுவாயிற்று.

தெரிந்து தெளிவோம்

ஓலைச்சுவடிகளில் குறில் எகர, ஒகரங்களுக்குப் புள்ளி இடுதல் பழைய மரபு. ஓலை கிழியும் என அஞ்சிப் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினர். அதனால் குறிலோ நெடிலோ எனப் படிப்போர் இடம் நோக்கி உணரவேண்டியிருந்தது. வீரமாமுனிவர் நெடிலுக்கு வேறு வடிவம் அளித்தார். எகரத்தின்கீழ்க் கோடிட்டு ஏகாரமும், ஒகரத்தின்கீழ்ச் சுழியிட்டு ஓகாரமும் அமைத்தார். உயிர்மெய்க் குறிலுக்கு ஒற்றைக்கொம்பு, நெடிலுக்கு இரட்டைக்கொம்பு என்னும் வேறுபாடும் அவர் ஏற்படுத்தியதே. இன்று நாம் எழுதும் ‘கேள்’, ‘போ’ ஆகிய சொற்கள் அச்சீர்திருத்தத்தின் பயனைச் சுமந்து நிற்கின்றன.

வாய் திறவாத் தலைவன்

முந்தைய வகுப்பில் தேம்பாவணிப் பாடல்கள் சிலவற்றை நீங்கள் கற்றிருப்பீர்கள். மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் கொண்டு 1726இல் நிறைவு பெற்ற பெருங்காப்பியம் அது. தேம்பா அணி எனப் பிரித்து வாடாத மாலை என்றும், தேன் பா அணி எனப் பிரித்துத் தேன்போலும் இனிய பாக்களாலான அணி என்றும் அப்பெயருக்குப் பொருள் காண்பர். இவை நாம் அறிந்தவை. நாம் இங்கு ஆராயவேண்டியது, அக்காப்பியத்தின் தலைவர் யார் என்பதே.

தமிழ்க் காப்பிய மரபு தலைவனுக்கு ஒப்பற்ற பெருமையை வேண்டுகிறது. இராமன் அரசன், சீவகன் அரசன், சிலப்பதிகாரக் கோவலனும் பெருவணிகன் மகன். கிறித்துவைப் பற்றிக் காப்பியம் பாட விழைந்த ஒருவர் கிறித்துவையே தலைவராக்கியிருக்கலாம்; வெற்றி வேந்தன் எவனையேனும் தேர்ந்திருக்கலாம். வீரமாமுனிவர் தேர்ந்தெடுத்தது கிறித்துவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையை. நாசரேத்து என்னும் சிற்றூரில் மரம் அறுத்து, இழைத்து, கூலி பெற்றுக் குடும்பம் காத்த ஒரு தச்சரை. வளன் எனத் தமிழ்ப்பெயர் சூட்டி, அவரைக் காப்பியத் தலைவராக உயர்த்தினார். தாவீது அரசனின் குலத்தில் தோன்றியவர் வளன் என்பது உண்மையே. ஆயினும், அக்குலப்பெருமை அவர் கையிலிருந்த உளியை அகற்றவில்லை.

நற்செய்தி நூல்கள் நான்கையும் புரட்டினால் வியப்பான செய்தி ஒன்று தெரியவரும். அவற்றுள் சூசை பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. கனவில் கட்டளை வருகிறது. அவர் எழுந்து செய்கிறார். குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குச் செல் என்றதும், அவ்விரவிலேயே புறப்படுகிறார். திரும்பி வா என்றதும் திரும்புகிறார். எங்கும் அவர் வாய்மொழி பதிவு பெறவில்லை. அவ்வாறு வாய் திறவாத ஒருவரைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்கள் பாடப்பெற்றன. சொல்லைவிடச் செயலே நம்பிக்கையின் மொழி என்று கருதும் ஒருவருக்கே அத்தகைய தலைவரைத் தேர்ந்தெடுக்கத் துணிவு வரும். காப்பியத்தில் வளன் பேசுகிறார், அறம் உரைக்கிறார், அது காப்பிய இலக்கணத்தின் தேவை. அவரைப் பெருமைப்படுத்துவது அவர்தம் உரைகள் அல்ல. ஏற்றுக்கொண்ட பொறுப்பிலிருந்து ஒருநாளும் வழுவாமையே.

இக்காப்பியம் முழுவதும் பெஸ்கியின் கற்பனையில் உதித்தது அன்று. ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்த மரியாள் எழுதிய நூலின் செய்திகளை அவர் பெரிதும் தழுவியிருக்கிறார். ஆனால், நிலமும் நடையும் தமிழுக்கே உரியவை. நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும் யூதேயா நாடு மழைவளமும் ஆற்றுவளமும் கழனிவளமும் பொலியும் தமிழ்நாடாகவே காட்சியளிக்கிறது. கரிசல் வெடிப்பைக் கண்ணாரக் கண்ட ஒருவர், வறண்ட பாலத்தீனத்தை மருத நிலமாகப் பாடியது ஏன் என ஒருவர் வினவலாம். கம்பர் முதலிய பெரும்புலவர் வகுத்த வழியில் நின்றார் என்பதே விடை. அவர் தம் நம்பிக்கையைப் பாட வந்தபோதும், பாடும் முறையைத் தமிழ்ப் புலவரிடமிருந்தே பெற்றுக்கொண்டார். திருத்தக்கதேவரின் சாயலையும் கம்பரின் சாயலையும் அக்காப்பியத்தில் அறிஞர் கண்டு காட்டியுள்ளனர். ஒன்று சமண நூல். மற்றொன்று வைணவப் பெருங்கதை. பிற சமயத்தாரின் நூல்களுக்கு மாணவராய் அமர்ந்தவரின் கைகளிலிருந்தே தமிழின் பெருங்கிறித்தவக் காப்பியம் பிறந்தது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் இலத்தீனில் மொழிபெயர்த்ததையும் இவ்வரிசையில் வைத்தே நோக்குதல் வேண்டும்.

எளியோர்க்கு எழுதிய உரைநடை

காப்பியம் புலவர்க்கு உரியது. கரிசல் ஊர்களில் வாழ்ந்த கிறித்தவர் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். அவர்களுக்குக் குருவின் முகம் காண்பதும் அரிது. பரந்த நிலப்பரப்பில் விரல்விட்டு எண்ணத்தக்க குருமாரே இருந்தனர். குரு வாராத நாள்களில் செபம் நடத்தியவர், சிறுவர்க்கு ஞானபாடம் கற்பித்தவர், இறந்தோரை அடக்கம் செய்தவர் அவ்வூரிலேயே வாழ்ந்த வேதியர். இங்கு வேதியர் என்பது சாதியைக் குறிப்பதன்று. பின்னாளில் உபதேசியார் எனப்பட்ட பொதுநிலைத் தொண்டரைக் குறிப்பது. வரலாற்று நூல்களில் குருமாரின் பெயர்கள் இடம்பெற்றிருக்கின்றன. வேதியர் பலருடைய பெயர்கள் இல்லை. ஆயினும், ஊர்தோறும் அந்நம்பிக்கையை அணையாமற் காத்தவர்கள் அவர்களே.

அவர்களுக்கென 1727இல் வீரமாமுனிவர் எழுதிய உரைநடை நூல் வேதியர் ஒழுக்கம். தலைப்பைக் கவனியுங்கள். வேதியர் அறிவு என்றோ, வேதியர் கலை என்றோ அவர் பெயரிடவில்லை, ஒழுக்கம் என்றார். படிப்பறிவில்லாத ஓர் ஊரில் வேதியரின் நடத்தையே மக்கள் வாசிக்கும் நூல். அவர் கடன் கொடுத்தவனிடம் எவ்வாறு பேசுகிறார், பக்கத்து வீட்டாரோடு வாய்க்கால் வரப்புச் சண்டையில் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதைக் கொண்டே அவர் கற்பிக்கும் சமயத்தை ஊரார் எடைபோடுவர். தேம்பாவணியின் செறிந்த நடையிலிருந்து இறங்கி, எளிய உரைநடையில் இந்நூலை அவர் இயற்றியது கருதத்தக்கது. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர் இதனைத் தவறாது குறிப்பிடுவர்.

அதே கையே பரமார்த்த குரு கதையையும் எழுதியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் அவர்தம் குருவும் செய்யும் பேதைமைகளைக் கேட்டு மூன்று நூற்றாண்டுகளாகத் தமிழ்ச் சிறுவர் சிரித்துவருகின்றனர். ஆறு விழித்திருக்கிறதா, உறங்குகிறதா என அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி ஏமாறுகின்றனர். ஆற்றைக் கடந்தபின் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டுப் பிறரை மட்டும் எண்ணி, ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என அழுகிறான். தமிழ் பயிலும் அயல்நாட்டார்க்குப் பேச்சுத்தமிழ் நடையைப் பழக்கும் பாடநூலாகவே இக்கதைகள் எழுந்தன. 1822இல் பாபிங்டன் என்பவர் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். தாமும் ஒரு குருவாக இருந்துகொண்டு, குருவையும் சீடரையும் நகையாடி எழுதுவதற்குத் தம்மைப் பெரிதாக எண்ணாத மனம் வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1732இல் உருவான சதுரகராதியும் எளியோரை நோக்கிய பணியே. அதற்குமுன் தமிழில் சொற்பொருள் உரைத்த நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. அவற்றை மனப்பாடம் செய்தவருக்கே அவை பயன்படும். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து, சொற்களை அகரவரிசையில் நிரல்படுத்தியமையால், மனப்பாடம் செய்யாத ஒருவரும் வேண்டிய சொல்லைத் தேடிக் காண முடிந்தது. பின்வந்த அகராதிகளுக்கெல்லாம் அது வழிகாட்டிற்று. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஐந்தையும் கூறும் தொன்னூல் விளக்கத்தை இங்குப் பெயரளவில் குறிப்பிட்டு மேற்செல்வோம். அது தனிப் பாடத்திற்குரியது.

புகழுரையும் பூசலும்

பெரியோரைப் பற்றிப் புகழுரைகள் வளர்வது இயல்பு. 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வீரமாமுனிவர் வரலாறு அவரைப் பல்லக்கில் செல்பவராகவும், விலையுயர்ந்த உடையும் அணியும் பூண்டு புலித்தோல் இருக்கையில் அமர்பவராகவும் காட்டுகிறது. சந்தா சாகிபின் அரசவையில் உயர்பதவியும் ஊர்களும் பெற்றார் என்னும் செய்தியும் அவ்வழியே பரவியது. பிற்கால ஆய்வாளர் பலர் இவற்றை ஐயுற்றனர். முத்துசாமிப் பிள்ளை முனிவரைத் தாழ்த்த அவ்வாறு எழுதவில்லை. பெரும்புலவருக்குப் பெருஞ்சிறப்பு இருந்தாக வேண்டும் என்னும் அன்பினால் எழுதினார். ஆனால், தச்சரைக் காப்பியத் தலைவராக்கியவருக்குப் பல்லக்கு அணிவித்தது நம் புகழுரை மரபுக்கே உரிய விந்தை!

புகழுரையில் காணப்படாத குறை ஒன்றும் அவரிடம் உண்டு. 1706 முதல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு முதலிய லுத்தரன் சபையினர் பணியாற்றிவந்தனர். கத்தோலிக்கரான வீரமாமுனிவர் அவர்களுடைய கொள்கையை எதிர்த்து 1728இல் வேதவிளக்கம் முதலிய நூல்களை எழுதினார். அவற்றின் நடை கடுமையானது. ஒரே கிறித்துவை வணங்கிய இரு சாரார் தமிழ் மண்ணில் ஒருவரையொருவர் தாக்கி எழுதிக்கொண்டதைப் படிக்கையில், தேம்பாவணியின் கருணை இங்கே எங்குச் சென்றது என நமக்குத் தோன்றும். அக்காலத்து ஐரோப்பியச் சமயப் பூசல்களில் பழகிய மனம் கடல்கடந்தும் அவற்றை விடவில்லை என்றுதான் விளக்க முடியும். அதனைப் பணிவு என்று பெயரிட இயலாது.

ஆயினும், அப்பூசலுக்கு நடுவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது. அச்சிட்டது அவர் கடிந்து எழுதிய அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம். கொள்கையில் பகைவராக இருந்தவரின் நூலைத் தமிழ் கற்போர்க்குப் பயன்படும் என்று கருதித் தம் எழுத்துகளைக் கோத்து, தம் தாளில் அச்சிட்டு வெளியிட்டனர். இரு தரப்பாரும் எழுதிய மறுப்பு நூல்களை இன்று ஆய்வாளர் மட்டுமே படிக்கின்றனர். மக்கள் மொழிக்கு எழுந்த அந்த இலக்கணமோ நெடுங்காலம் கற்போர் கைகளில் வழங்கியது.

இறுதி ஆண்டுகள்

காவிரி நாட்டில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் அமைத்து, அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டார் வீரமாமுனிவர். அவ்வன்னையின்மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். பெண்கள் அம்மானைக் காய் எறிந்து பாடும் நாட்டார் வடிவில் கித்தேரியம்மாள் அம்மானையையும் இயற்றினார். நாட்டில் போர்கள் பெருகிய இறுதி ஆண்டுகளிலும் அவர் இத்தாலிக்குத் திரும்பவில்லை.

சென்னைக் கடற்கரையில், 1968ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பெற்ற தமிழ்ச் சான்றோர் சிலைகளுள் அவருடைய சிலையும் உண்டு. அவர் இறந்தது அங்கிருந்து நெடுந்தொலைவில், இன்றைய கேரளத்திலுள்ள அம்பலக்காட்டில். 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் அங்கு அவர் உயிர் பிரிந்தது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அருளானந்தர் ஓரியூரில் உயிர் துறந்ததும் அதே பிப்ரவரி 4ஆம் நாளே. அம்பலக்காடு தமிழுக்கு முற்றிலும் அயலான ஊரும் அன்று. அந்தாம் தெ புரோவென்சா அடிகளார் தொகுத்த தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி 1679இல் அச்சாகி வெளிவந்தது அவ்வூரில்தான். காஸ்திகிலியோனேயில் பெஸ்கி பிறப்பதற்கு ஓராண்டு முன்பு.